அரட்டை அடிக்கவா போகிறோம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சின்னப் பிள்ளைகளுக்கான இலவச விளையாட்டுக் கூடம் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். "பிள்ளைகளைத் தரையில் விட்டுவிட்டுத் தாய்மார்கள் அரட்டை அடிக்கும் இடமாகவே இது இருக்கிறது, கற்றல் என்று எதுவும் கண்ணில் படவில்லை" என்று உங்கள் நிருபர் எழுதியிருக்கிறார். அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். பகலெல்லாம் பேத்தி என் பொறுப்பு. அவளை அழைத்துக்கொண்டு அப்படிப்பட்ட கூடத்துக்குத் தவறாமல் போய் வருகிறவள் நான். நான் அரட்டை அடிக்கப் போகவில்லை.

நிருபர் எவ்வளவு நேரம் அங்கே இருந்தார் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் கட்டுரையோடு போட்ட படத்தில் முன்னால் பெரிதாகத் தெரிவது செருப்புத் தட்டு. பிள்ளைகள் தூரத்தில் புள்ளி புள்ளியாக இருக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தவர் அந்தப் படத்தை எடுத்திருக்க மாட்டார்.

உள்ளே வந்திருந்தால் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்திருப்பார். என் பேத்திக்கு இரண்டரை வயது. ஒடுங்கிய உயரமான குவளையில் தண்ணீரை நிரப்பி, அகலமான கிண்ணத்தில் ஊற்றுவாள். கிண்ணம் பாதிகூட நிறையாது. குவளையைத் தலைகீழாகக் கவிழ்த்து உள்ளே எட்டிப் பார்ப்பாள். மறுபடி நிரப்புவாள், மறுபடி ஊற்றுவாள். பக்கத்தில் ஒரு பையன் புனலை வைத்துக்கொண்டு அதையே செய்துகொண்டிருப்பான். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். "சேர்ந்து விளையாடத் தெரியவில்லை" என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். இந்த வயதுப் பிள்ளைகள் இப்படி அருகருகே தனித்தனியாக விளையாடுவது வளர்ச்சியின் ஒரு படி என்று மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932-லேயே எழுதிவிட்டார். ஒருநாள் அந்தப் பையன் தானாகவே புனலை அவள் பக்கம் தள்ளினான். அன்று வீட்டுக்கு வந்தும் அவள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். கற்றல் கண்ணில் படவில்லை என்கிறார் நிருபர். கரும்பலகையும் பிரம்பும் இருந்தால்தான் அவர் கண்ணில் படுமா?

இனி அந்த அரட்டைக்கு வருகிறேன். கூடத்துக்கு வரும் ஓர் இளம் தாய், தன் மகனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை என்று என்னிடம் சொல்லிக் கண் கலங்கினார். வீட்டில் எல்லோரும் "ஆண் பிள்ளைகள் லேட்டாகத்தான் பேசுவார்கள்" என்று சொல்லிவிட்டார்களாம். பக்கத்தில் இருந்த இன்னொரு தாய், "கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறானா?" என்று கேட்டார். கூடத்தின் பணியாளரும், பின்னால் மணி அடித்தால் அவன் சில சமயம் திரும்புவதில்லை என்பதைக் கவனித்திருந்தார். முதலில் காதைப் பரிசோதியுங்கள் என்றார்கள். போய்ப் பார்த்தார். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருந்தது. வைத்தியம் நடந்தது, இன்று அந்தப் பையன் கூடத்தில் போடும் சத்தம் வாசல்வரை கேட்கிறது. நீங்கள் அரட்டை என்று அச்சடித்தது இதைத்தான் ஐயா. நாள் முழுக்க நான்கு சுவருக்குள் கைக்குழந்தையோடு தனியாக இருக்கும் ஒருத்திக்கு இன்னொரு பெரிய மனுஷியின் குரல் கேட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

இது தெரிந்துதான் 1979-ல் பாரிசில் பிரான்சுவாஸ் டோல்தோ என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய தோழர்களும் 'மேசோன் வேர்த்' என்ற இடத்தைத் தொடங்கினார்கள். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையோடு பெற்றவர்கள் முன்பதிவு இல்லாமல் வரலாம். குழந்தையின் பெயரை மட்டும் பலகையில் எழுதுவார்கள். பெரியவர் கூடவே இருக்க வேண்டும், விட்டுவிட்டுப் போகக் கூடாது. பெரியவர்கள் பேசிக்கொள்வதும் அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி. 1907-ல் ரோமில் மரியா மாண்டிசோரி தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்ததும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில்தான். பணம் கட்டும் பள்ளிகள் இன்று அவர் பெயரைப் பலகையில் எழுதிக்கொள்கின்றன. தங்களுக்குத் தெரியாததா இது?

எழுத உட்கார்ந்தபின் பழையதெல்லாம் ஞாபகத்துக்கு வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். சில மாதங்களுக்கு முன் உங்கள் பத்திரிகையில், கைப்பேசியைப் பிள்ளைகள் கையில் கொடுக்கும் பெற்றோரைக் கடுமையாகக் கண்டித்து ஒரு பத்தி வந்தது. நியாயம்தான். 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்கையும் அதில் போட்டிருந்தீர்கள்: இரண்டு முதல் நான்கு வயதுவரை திரை ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அதே பரிந்துரையில் இன்னொரு வரியும் இருக்கிறது. ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளை நாளொன்றுக்கு 180 நிமிடமாவது ஓடியாடி உடம்பை அசைக்க வேண்டும். அந்த வரியை நீங்கள் போடவில்லை. மூன்று மணி நேரம் எங்கே ஓடுவது? வெயிலிலும் மழையிலும் வெளியே விட முடியாது. வீட்டில் ஓடினால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார். கைப்பேசியைக் கொடுத்தாலும் குற்றம், கொடுக்காமல் இப்படி ஓரிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாலும் குற்றம் என்றால் எங்களை என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்?

பணம் கட்டிப் போகலாமே என்பார்கள். போயிருக்கிறோம். என் பேத்தி புது இடத்தில் மடியை விட்டு இறங்கவே வெகு நேரம் எடுத்துக்கொள்கிறவள். முதலில் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் பார்ப்பாள், பிறகு ஒரு காலை ஊன்றுவாள். அவள் பந்துக் குளத்தின் விளிம்பைத் தொடும்போது "உங்கள் நேரம் முடிந்துவிட்டது" என்று ஒருவர் வந்து நிற்கிறார். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்குக் கடிகாரம் ஓடாத இடம் வேண்டும். இலவசம் என்பதன் பெரிய லாபம் எனக்கு இதுதான், மிச்சமாகும் பணம் இரண்டாவது.

"இலவசம் என்பதால் பராமரிப்பும் அந்த அளவில்தான்" என்ற வரிக்கும் பதில் சொல்லியாக வேண்டும். கூடத்தை மூடும் நேரத்தில் அந்தப் பணியாளர் என்ன செய்கிறார் என்று பார்த்திருக்கிறீர்களா? வாயில் வைத்த பொம்மைகளைத் தனிக் கூடையில் போட்டுக் கழுவுகிறார். கார் பொம்மையின் சக்கரம் கழன்று கிடந்தால், 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சின்ன உருளை ஒன்றில் அதைப் போட்டுப் பார்க்கிறார். முழுதாக உள்ளே போய்விட்டால் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் தொண்டையை அடைக்கக்கூடியது என்று எடுத்து வைத்துவிடுகிறார். அவரைப் பற்றி ஒரு சொல் இல்லை உங்கள் கட்டுரையில். முனை தேய்ந்த கிரயான்களைப் பற்றி மட்டும் இரண்டு வரி. கிரயான் தேய்ந்திருக்கிறது என்றால் பிள்ளைகள் வரைகிறார்கள் என்று அர்த்தம்.

குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. திறக்கும் நேரத்தை முன்னறிவிப்பில்லாமல் மாற்றுகிறார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பூட்டின கதவைப் பார்த்துத் திரும்பியிருக்கிறோம். பேரப்பிள்ளையோடு வரும் தாத்தாக்களைச் சில பெண்கள் ஏற இறங்கப் பார்க்கிறார்கள்; அதுவும் எனக்கு வருத்தம்தான். இதையெல்லாம் நிருபர் எழுதியிருந்தால் கை கூப்பியிருப்பேன். ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று 1989-ல் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை 31-ஆம் பிரிவில் எழுதி வைத்திருக்கிறது. உரிமையை அனுபவிக்கிற இடத்தைத் தான தருமம் நடக்கிற இடம்போல எழுதியிருக்கிறீர்களே என்றுதான் மனம் நோகிறது. இதைப் பற்றி முன்பும் ஒரு கடிதம் போட்டேன். பிரசுரிக்கவில்லை, பதிலும் இல்லை. இருக்கட்டும்.

மறுப்பும் மன்னிப்பும் கேட்கவில்லை. உங்கள் வாராந்தர நிகழ்ச்சிப் பகுதியில் கட்டண ஓவிய வகுப்பு, கட்டண நடன வகுப்பு, கட்டண விடுமுறை முகாம் எல்லாம் வருகின்றன. அதே இடத்தில் இலவச விளையாட்டுக் கூடங்கள் எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணிவரை திறந்திருக்கும், எந்த வயதுவரை அனுமதி என்று இரண்டு வரி போடுங்கள். அந்த வாரம் நேரம் மாறியிருந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள். வியாழக்கிழமைக்குள் வந்தால் எங்களுக்கு வசதியாக இருக்கும்.

தங்கள் நெடுநாள் வாசகி,
ஒரு பாட்டி