அஞ்சு வாட் செட்டு போதும், ஆன்டெனாவ கூரைக்கு ஏத்துங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

ஐப்பசி மழை புடிக்கறதுக்கு முன்னாடியே இத எழுதிடணும்னு எழுதறேன். வருஷா வருஷம் நம்ம பேப்பர்ல மழைக்கால முன்னேற்பாடு பத்தி போடறீங்க, டார்ச்சு, மெழுகுவர்த்தி, அரிசி பருப்பு, பவர்பேங்க் எல்லாம் வருது, நல்ல விஷயம்தான். ஆனா ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்கா வயர்லெஸ்ல பேசறதுக்கான லைசென்ஸ் வச்சிருக்கறவங்க கார்ல என்ன ஏற்பாடு பண்ணி வச்சுக்கணும்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. திருவாரூர், நாகை, மயிலாடுதுறை, தஞ்சாவூர்னு நம்ம பக்கத்துப் பசங்க பரீட்சை எழுதி கால்சைன், அதாவது ரேடியோல அவங்களுக்குன்னு ஒரு அடையாளப் பேரு, வாங்கறாங்க, பன்னெண்டு வயசு ஆனாலே எழுதலாம், வாங்குன கையோட எல்லாரும் முதல்ல எடுக்கறது அஞ்சு வாட் ஹேண்டி செட்டு, வாக்கி டாக்கி மாதிரி கைல புடிச்சு பேசறது. அதுக்கு அடுத்த கேள்வி உடனே வந்துடும், கார்ல போகும்போது எட்ட மாட்டேங்குது, என்ன ஆன்டெனா போடறதுன்னு. இந்தக் கேள்விக்குத் தப்பான பதில்தான் அதிகமா சுத்துது, அதான் என் வருத்தம்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். செட்ட மாத்தணும், பவர் கூட்டணும், ஆம்ப்ளிஃபயர் வைக்கணும்னு யார் சொன்னாலும் அவசரப்பட்டு காசு போடாதீங்க. கார் உடம்பு முழுக்க இரும்புத் தகடு, உள்ள உக்காந்து பேசுனா சிக்னல் கண்ணாடி வழியா பிதுங்கித்தான் வெளில போகணும். அதுலயும் செட்டோட வர்ற ரப்பர் டக் ஆன்டெனா உள்ள சுருட்டி வச்ச கம்பி, கையடக்கமா இருக்கணும்னு செஞ்சது, தூரத்துக்குச் செஞ்சது கிடையாது. பேசி முடிச்சு செட்ட சீட்டு மேல படுக்கப் போட்டுட்டா இன்னும் மோசம், ஏன்னா நம்ம எஃப்எம் பேச்சு எல்லாமே ஆன்டெனா நெட்டுக்குத்தா நிக்கற மாதிரிதான் நடக்குது, படுத்த ஆன்டெனா எதிராளி பேசறதயும் பாதி கூட வாங்காது. இதே செட்டு, இதே அஞ்சு வாட்டு, கூரை மேல ஒரு அரை மீட்டர் கம்பிய நட்டு வச்சு பேசிப் பாருங்க. எங்க திருத்துறைப்பூண்டி - முத்துப்பேட்டை ரோட்டுல வாய்க்கால் ஓரமா வண்டிய நிறுத்தி இத செஞ்சு காட்டிருக்கேன், ரப்பர் டக்ல வெறும் கரகரன்னு எழுத்து எழுத்தா கேட்ட குரலு, ஆன்டெனா கேபிள திருகி முடிச்ச உடனே பக்கத்து வீட்டுத் திண்ணைலேர்ந்து பேசற மாதிரி வந்துச்சு, கூட இருந்த பையன் செட்டோட பவர லோவுக்கு எறக்கிப் பார்த்தான், அப்பவும் எதிர்ல இருந்தவருக்கு தெளிவா கேட்டுச்சு.

கஜா நினைவிருக்கும் எல்லாருக்கும். 2018 நவம்பர் 16, நடுராத்திரி தாண்டி வேதாரண்யம் பக்கம் கரைய கடந்துச்சு, விடிஞ்சு பார்த்தா கரண்ட் கம்பம் எல்லாம் சாஞ்சு கெடக்கு, டவர் இல்ல, போன் இல்ல, தென்னை மரம் குறுக்க விழுந்து ரோடே இல்ல. பக்கத்து ஊருக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம உக்காந்திருந்தோம். அந்த மாதிரி நேரத்துல டவர் எதையும் நம்பாம ஒரு வண்டிலேர்ந்து இன்னொரு வண்டிக்கு நேரடியா பேச முடியறது எவ்ளோ பெரிய விஷயம்னு சொல்லித் தெரிய வேண்டியதில்ல. 2004 டிசம்பர் 26 சுனாமி அன்னிக்கு பாரதி பிரசாத் அம்மா, அவங்க கால்சைன் வி.யு.2 ஆர்.பி.ஐ., போர்ட் பிளேயர்ல இருந்தாங்க, வேற வேலையா ஹாம் ரேடியோ குழுவோட போனவங்க, அந்தமான்லேர்ந்து மத்த தொடர்பெல்லாம் அறுந்து போனப்ப அவங்க செட்டு வழியாத்தான் அங்க இருந்தவங்க சேதி மெயின்லேண்டுக்கு வந்துச்சு. அது ஹெச்எஃப் செட்டு, குறைஞ்ச அலைவரிசைல ரொம்ப தூரம் போறது, நம்ம பேசற ரெண்டு மீட்டர் பேண்டு, அதாவது அலை நீளம் ரெண்டு மீட்டர் வர்ற 144 - 146 மெகாஹெர்ட்ஸ், வேற. ஆனா பக்கத்து ஊரு வரைக்கும் எட்டற வேலைக்கு நமக்கு இந்த ரெண்டு மீட்டர்தான் கை கொடுக்கும்.

இப்ப டெல்டாவுக்குன்னு ஒரு கணக்கு இருக்கு, அத கேளுங்க. நம்ம ஊரு மேடு பள்ளம் இல்லாத தட்டை பூமி, குறுக்க மலை கெடையாது, அதனால அலைய தடுக்கறது பூமியோட வளைவுதான். ஆன்டெனா உயரத்த மீட்டர்ல எடுத்து வர்க்கமூலம் போட்டு 4.12ஆல பெருக்குனா அது எத்தன கிலோமீட்டர் வரைக்கும் பாக்கும்னு தோராயமா வரும். கார் கூரைல ரெண்டு மீட்டர் உயரம்னா ஆறு கிலோமீட்டருக்கு கொஞ்சம் கம்மி, ரெண்டு பக்கமும் கார்னா பதினொண்ணு பன்னெண்டு கிலோமீட்டர். ஒரு பக்கம் முப்பது மீட்டர் உயரத்துல ஆன்டெனா இருந்துச்சுன்னா 28 கிலோமீட்டர் வரைக்கும் போகுது, திருவாரூர்ல அப்படி ஒண்ணு நின்னா நாகப்பட்டினத்துல நிக்கற காரோட பேசலாம்னு அர்த்தம். இதுக்கு நடுவுல பட்டுக்கோட்டை, பேராவூரணி மாதிரி அடர்த்தியான தென்னந்தோப்பு வந்தா குறையும், மழைல நனைஞ்ச ஓலை இன்னும் உறிஞ்சும், அதுவும் 434லேர்ந்து 438 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் இருக்கற எழுபது சென்டிமீட்டர் பேண்டத்தான் அதிகமா உறிஞ்சும். அதனால ஒரே ஒரு பேண்டுக்குத்தான் ஆன்டெனா வாங்க முடியும்னா நம்ம பக்கத்துக்கு 144 - 146 மெகாஹெர்ட்ஸுக்கு வாங்குங்க. இந்தக் கணக்குல வாட்டு எங்கயுமே வரல பாருங்க. உயரமும் வெளில இருக்கறதும்தான் முக்கியம்.

அடுத்தது எந்த ஆன்டெனா. என் அபிப்ராயம் கால் அலை ஆன்டெனா, அலை நீளத்துல கால்வாசி நீளக் கம்பி, குவார்ட்டர் வேவ்னு கேட்டா தருவாங்க, கம்பி சுமார் ஐம்பது சென்டிமீட்டர், கீழ மேக்னெட் பேஸ், அவ்ளோதான். இதே கம்பி 435 பக்கம் முக்கால் அலையா ஆகிடறதால அங்கயும் ஓரளவு வேலை செய்யும். கடைல இத விட நீட்டமா, அஞ்செட்டு அலைன்னு, அலை நீளத்துல எட்டுல அஞ்சு பங்கு, ஒண்ணு காட்டுவாங்க, கம்பி ஒண்ணேகால் மீட்டருக்கு வரும், தட்டை பூமிக்கு அது கொஞ்சம் நல்லாவே எட்டும், அத மறுக்கல. ஆனா அத பொலிரோ மாதிரி உயரமான வண்டி மேல வச்சா மொத்தம் மூணு மீட்டர் தாண்டிடும், நம்ம ஊரு புளிய மரக் கிளையும் தாழ்வா தொங்கற ஒயரும் அத விட்டு வைக்காது, அடிச்சுச்சுன்னா மேக்னெட்டோட பிடுங்கிக்கிட்டு போய் கூரைய கீறிடும். புயலுக்கு அப்பறம் மரம் சாஞ்சு கெடக்கற ரோட்டுல ஓட்டணும்னு வாங்கறோம், அப்ப சின்ன கம்பிதான் புத்திசாலித்தனம். பாக்கெட் மேல அஞ்சு டிபி, ஏழு டிபின்னு (டெசிபெல், சிக்னல் எத்தன மடங்கு கூடுது குறையுதுன்னு சொல்ற அளவு) போட்டிருக்கறத நம்பி காசு கொடுக்காதீங்க, எதோட ஒப்பிட்டு அந்த டிபின்னு பாதி பாக்கெட்ல போடறதே இல்ல, எல்லாப் பக்கமும் சமமா வீசற கற்பனை ஆன்டெனாவோட ஒப்பிட்டு டிபிஐன்னு சொன்னா ஒரு எண்ணு, சாதாரண அரை அலை டைபோல் ஆன்டெனாவோட ஒப்பிட்டு டிபிடின்னு சொன்னா அதே ஆன்டெனாவுக்கு 2.15 கம்மி.

மேக்னெட் பேஸ் ஒட்டறதுக்கு கூரை இரும்பா இருக்கணும், கண்ணாடி கூரை, ஃபைபர், அலுமினியம் எதுலயும் ஒட்டாது, வாங்கறதுக்கு முன்னாடி ஃப்ரிட்ஜுல ஒட்டற மேக்னெட் ஒண்ண வச்சுப் பாருங்க. ஒட்டறது மட்டும் விஷயம் இல்லங்க, கால் அலை கம்பிக்கு கீழ விரிஞ்ச இரும்புத் தகடு இருந்தாத்தான் ஆன்டெனா முழுசாகுது, கூரைதான் அதோட மறுபாதி. அதனால டிக்கி ஓரத்துலயோ பானெட்லயோ ஒட்டாம கூரை நடுவுல வைங்க. பெயிண்டு கீறும்னு அடியில தடியா துணி விரிச்சு வைக்கறாங்க சில பேரு, அப்படி செஞ்சா தகட்டோட இருக்கற பிணைப்பு குறைஞ்சு ஆன்டெனா ட்யூனே மாறிடும், பிடிப்பும் போயிடும். பைக்கு, ரெக்சின் கூரை போட்ட ஆட்டோ மாதிரி தகடு இல்லாத வண்டிக்கு அரை அலை ஆன்டெனா கேட்டு வாங்கணும், அதுக்கு அடியில தகடு அவ்வளவா தேவைப்படாது. வீட்டுக்குள்ள தற்காலிகமா பேசணும்னா கார் ஆன்டெனாவயே எடுத்துட்டு வந்து இரும்பு பீரோ தலைல வைங்க, நல்லாவே வேலை செய்யும்.

இப்ப யாரும் பாக்காத ரெண்டு விஷயம், கேபிளும் கனெக்டரும். மலிவான மேக்னெட் ஆன்டெனால பென்சில் லெட் கனத்துல ஒல்லியா ஒரு கேபிள் வரும், ஆர்ஜி 174 வகை. நாலு மீட்டர் நீளத்துல அது 145 மெகாஹெர்ட்ஸ்ல சுமார் ஒண்ணரை டிபி தின்னுடும், அஞ்சு வாட்டு உள்ள போனா மூணரை வாட்டுதான் கம்பிக்கு ஏறும், 435ல மூணு வாட்டு கூட மிஞ்சாது. ஆர்ஜி 58 கேபிள் அதுல பாதி அளவுக்குத்தான் தின்னும். அதனால கடைக்காரர்ட்ட கேபிள் என்னன்னு கேளுங்க, கேபிள் மேலயே எழுதிருக்கும், எழுதாத கேபிள வாங்காதீங்க. ஆனா ஆர்ஜி 58 கொஞ்சம் விறைப்பு, அத நேரா ஹேண்டி தலைல இருக்கற எஸ்எம்ஏங்கற சின்ன திருகு சாக்கெட்ல மாட்டுனா வண்டி குலுங்கற குலுங்கல்ல அந்த சாக்கெட்ட ஆட்டி ஆட்டி உள்ள போர்டுல இருக்கற சால்டர விட்டுடும், செட்டு செத்த மாதிரி ஆகிடும். அதுக்கு நடுவுல அரை அடி நீளத்துக்கு வளையற சின்ன ஒல்லி கேபிள் ஒண்ணு போடணும், ஒரு முனை எஸ்எம்ஏ, மறுமுனை பிஎன்சிங்கற திருப்பிப் பூட்டற கனெக்டர். அரை அடில ஒல்லி கேபிள் ஒண்ணும் பெருசா தின்னுடாது. எஸ்எம்ஏன்னு சொன்னா போதாதுங்க, பாஃபெங் மாதிரி கம்பெனி செட்டுன்னா ஊசி செட்டுல இருக்கும், ஆன்டெனால ஓட்டை இருக்கும், யேசு (Yaesu) கம்பெனி செட்டுல அது தலைகீழ், ஓட்டை செட்டுல, ஊசி ஆன்டெனால. வாங்கப் போகும்போது செட்ட கையோட எடுத்துட்டுப் போயி மாட்டிப் பாத்துட்டு வாங்குங்க.

கேபிள கதவு ரப்பர் பீடிங் வழியா உள்ள கொண்டு வரும்போது கதவுக்கு வெளில ஒரு வளைவு கீழ தொங்கற மாதிரி விட்டுட்டு அப்பறம் உள்ள ஏத்துங்க, இல்லன்னா மழைத்தண்ணி கேபிள் வழியாவே இறங்கி சீட்டு நனையும்.

நகரத்துக்குள்ள ஒரு சிக்கல் வரும், அது ஆன்டெனா கோளாறுன்னு நெனைச்சு நல்ல ஆன்டெனாவ கழட்டிப் போட்டவங்கள பாத்திருக்கேன். மலிவு ஹேண்டில ரிசீவருக்கு வடிகட்டற சக்தி கம்மி, கூரை ஆன்டெனா மாட்டுன உடனே எஃப்எம் டவர் பக்கத்துலயோ மத்த பெரிய டிரான்ஸ்மிட்டர் பக்கத்துலயோ போனா அந்தப் பெரிய சிக்னல்ல செட்டு காது அடைச்சுப் போயி, வர வேண்டிய குரல் வராது. கிராமத்துப் பக்கம் வந்தா சரியாகிடும். கோடியக்கரை பக்கம் சாதாரண எஃப்எம் ரேடியோலயே இலங்கை ஸ்டேஷன் கேக்கறத எல்லாரும் கேட்டிருப்பீங்க, கடல் மேல அலை அந்த மாதிரி தாராளமா போகும், அங்க வேலை செய்யும்போது கூரை ஆன்டெனாவோட அருமை தெரியும். ஆனா வேதாரண்யம் உப்பளக் காத்து மேக்னெட்டோட அடிப்பக்கத்த சீக்கிரம் துருப்பிடிக்க வச்சுடும், அடியில மண்ணு சேந்தா பெயிண்ட தேச்சு எடுத்துடும், அதனால வாரத்துக்கு ஒரு தடவ எடுத்து நல்ல தண்ணில நனைச்ச துணியால தொடச்சு, கூரையயும் தொடச்சு, திரும்ப வைங்க.

வண்டிய ஓட்டிக்கிட்டே கைல செட்ட புடிச்சு பேசாதீங்க, 2019ல மோட்டார் வாகனச் சட்டத்துல செஞ்ச திருத்தத்துல அது ஆபத்தா ஓட்டறதுக்குள்ள வருது. பக்கத்து சீட்டுல ஆள் இருந்தா அவர் பேசட்டும், இல்லன்னா ஓரங்கட்டிப் பேசுங்க. லைசென்ஸ் இல்லாதவங்க செட்ட வாங்கி வச்சுக்கறதும் தப்பு.

கடைசியா ஒரு கோரிக்கை, இத எழுதறதே முக்கியமா அதுக்குத்தான். ஆன்டெனா சரியா இருக்கான்னு பாக்கறதுக்கு எஸ்டபிள்யூஆர், அதாவது அனுப்பற சக்தில எவ்ளோ ஆன்டெனாலேர்ந்து திரும்பி வருதுன்னு காட்டற எண்ணு, அளக்கணும், அதுவும் மேசை மேல வச்சு அளந்தா பிரயோஜனம் இல்ல, ஓட்டப் போற வண்டியோட கூரைல வச்சே அளக்கணும். ஒண்ணரைக்குள்ள வந்தா அருமை, அனுப்பறதுல நாலு சதவீதம்தான் திரும்பி வரும், ரெண்டு வந்தா பதினோரு சதவீதம், அதயும் பொறுத்துக்கலாம், மூணு வந்தா கால்வாசி திரும்பி வந்து செட்டயே சூடாக்கும். கம்பி நீளமா இருந்தா வெட்டலாம், அஞ்சு மில்லிமீட்டர் வெட்டுனா ஆன்டெனா ஒத்துப்போற அலைவரிசை சுமார் ஒண்ணரை மெகாஹெர்ட்ஸ் மேல ஏறும், கொஞ்சம் கொஞ்சமா வெட்டணும், வெட்டுனது ஒட்டாது. இதுக்கு மீட்டரு எல்லார்ட்டயும் இருக்காது. நம்ம டெல்டா மாவட்டங்கள்ல இருக்கற இன்ஜினியரிங் காலேஜ், பாலிடெக்னிக் எலக்ட்ரானிக்ஸ் லேப்ல அளக்கற கருவி இருக்கும், அவங்க மனசு வச்சு புரட்டாசிலயே ஒரு சனிக்கிழமை வாசல் கேட்ட திறந்து விட்டு, லைசென்ஸ் வச்சிருக்கறவங்க வண்டிய உள்ள விட்டு, மாணவர்கள வச்சே ஒவ்வொரு வண்டி ஆன்டெனாவயும் அளந்து கொடுத்தா மாணவர்களுக்கும் படிப்பு, எங்களுக்கும் மழைக்கு முன்னாடி வேலை முடிஞ்சுடும். காலேஜ் நிர்வாகத்துல இருக்கறவங்க கண்ணுல படற மாதிரி இந்தக் கடிதத்த கொஞ்சம் பெரிய எழுத்துல போடுங்க ஐயா. அப்படி திறந்து விடற காலேஜ் எதுன்னு தெரிஞ்சா தேதியயும் உங்க மழைக்கால பக்கத்துலயே போட்டீங்கன்னா நாங்க வண்டியோட வந்துடறோம்.

இப்படிக்கு,
ஹாம் ரேடியோ வாசகர் ஒருத்தர்,
திருத்துறைப்பூண்டி வட்டம்