தற்காலிகத் தாதியருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

ஆளணி குறையும்போதெல்லாம் வேறு வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தற்காலிகமாக அனுப்பப்படும் தாதியரில் நானும் ஒருத்தி. எங்களுக்கு வேலை தெரியும், இடம்தான் தெரியாது. கடும் ஒவ்வாமையால் மூச்சுத்திணறி வரும் பெரியவருக்கு 0.5 மில்லிகிராம் அட்ரினலினைத் தொடைத் தசையில் உடனே ஏற்ற வேண்டும். அது ஓரிடத்தில் ட்ரொலியின் மேல் லாச்சியில் இருக்கும். இன்னோரிடத்தில் பூட்டிய அலுமாரியில் இருக்கும், சாவி வேறொருவர் கையில்.

மூதூர், கிண்ணியா, புல்மோட்டை, கந்தளாய் என எங்கு போனாலும் அந்த லாச்சிகள் ஒரே ஒழுங்கில் இருக்கட்டும். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. முதல் நாள், நோயாளியைப் பொறுப்பெடுக்கு முன் ஒரு மணி நேரம் பிரிவைச் சுற்றிக் காட்டுங்கள்.

தெற்கிலிருந்து வரும் சிங்களச் சகோதரிகளுக்குச் சிரமம் இரட்டிப்பு. "நெஞ்சு பாரமாக் கிடக்கு பிள்ளை" என்று ஓர் அம்மா சொன்னால் அது மாரடைப்பாகவும் இருக்கலாம். இரவுப் பணியில் தமிழ் தெரிந்த ஒருவரேனும் அவர்களோடு கட்டாயம் நிற்க வேண்டும்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் ஓடோடி வந்து மிச்சப்படுத்தித் தரும் நிமிடங்களை நாங்கள் மருந்து தேடித் தொலைப்பது மனதை வதைக்கிறது. அடுத்த பணிப்பட்டியல் போடுமுன் மாகாண சுகாதார அதிகாரிகள் இதைக் கவனிப்பார்களா?

தாதிய உத்தியோகத்தர் ஒருவர்,
திருகோணமலை.