வழிவிட வேண்டியவர் இறங்குபவரே

ஆசிரியருக்கு,

மழைக்காலம் வந்தால் ஹட்டன், தலவாக்கலை, இராகலைப் பக்கத்து ஒடுங்கிய வீதிகளில் தினமும் இந்தக் காட்சிதான். வளைவின் நடுவில் இரண்டு வாகனங்கள் எதிரும் புதிருமாக நிற்கும். பின்னால் இரு பக்கமும் வரிசை நீளும். "எனக்குத்தான் வழி" என்று இரண்டு சாரதிகளும் சத்தம் போடுவார்கள். வீதி ஒழுங்கு யாருக்கும் வழியைச் சொந்தமாக எழுதிக் கொடுக்கவில்லை. எந்த இடத்தில் யார் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதைத்தான் அது சொல்கிறது.

ஒடுங்கிய மலைப்பாதையில் விட்டுக்கொடுக்க வேண்டியவர் இறங்கி வருபவர். கொழுந்து மூட்டைகளோடு ஏறும் லொறி பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டால், அதை மறுபடி எடுப்பது சுலபமல்ல. பாரம் பின்னுக்கு இழுக்கும், கிளச் சூடேறும், ஈரத் தாரில் சில்லு நின்ற இடத்திலேயே சுற்றும். ஓரடி பின்னுக்கு உருண்டாலும் பின்னால் ஒட்டி நிற்கும் ஓட்டோவின் முன்கண்ணாடி நொறுங்கிவிடும். இறங்குபவருக்கு அந்தச் சிரமம் இல்லை, பிறேக்கை விட்டாலே வண்டி நகர்ந்துவிடும். ஆனால் நிற்க முடிகிற வேகத்தில் அவர் இறங்கியிருக்க வேண்டும். றம்பொடை இறக்கத்தில் மூன்றாம், நான்காம் கியரில் வந்து பிறேக்கை மிதித்துக்கொண்டே இருந்தால், வழிவிட வேண்டிய இடத்தில் பிறேக் பிடிக்காது. எந்த கியரில் ஏற வேண்டுமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும்.

எங்கே நிற்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கொண்டை ஊசி வளைவில் ஏறும் பஸ் இரண்டு பக்கத்தையும் பிடித்துத்தான் திரும்பும். அதன் பின்சில்லு உள்பக்கமாக வெட்டி வரும். அதனால் இறங்குபவர் வளைவின் வாயிலேயே போய் நின்றால் இருவருக்கும் வழி அடைபட்டுவிடும். வளைவுக்கு 15 மீற்றர் முன்பே, அகலமான இடத்தில் ஓரம் கட்ட வேண்டும். ஏறுபவருக்குப் பக்கத்திலேயே ஒதுங்க இடமிருந்து, இறங்குபவர் வளைவைச் சுற்றிப் பின்னுக்கு எடுக்க வேண்டியிருந்தால் மட்டும் ஏறுபவர் ஒதுங்குவது நல்லது.

அடுத்தது தலைகீழ் முக்கோணம், அதாவது வழிவிடுக அடையாளம். எண்கோண நிறுத்துப் பலகையின் முன்னால் வீதி காலியாகக் கிடந்தாலும் சில்லு முழுதாக நிற்க வேண்டும். முக்கோணத்தில் அப்படியல்ல. பிரதான வீதியில் வருபவர் வேகத்தைக் குறைக்கவோ விலகவோ நேராதபடி நுழைய முடிந்தால் நிற்காமலே போகலாம், முடியாவிட்டால் நிற்க வேண்டும். இந்த இரண்டு வடிவங்களும் வேறு எந்தப் பலகைக்கும் கிடையாது. சேறு படிந்தாலும் பனி மூடினாலும் உருவத்தை வைத்தே தெரிந்துகொள்ளலாம்.

நுழையலாமா என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. மூன்று பேரோடு தோட்டப் பாதையிலிருந்து வலப்பக்கம் திரும்பி வேகம் பிடிக்க ஓட்டோவுக்கு ஏறக்குறைய 6 செக்கன் வேண்டும். மணிக்கு 50 கிலோமீற்றரில் வரும் பஸ் அதற்குள் 80 மீற்றருக்கு மேல் வந்துவிடும். இரு பக்கமும் அவ்வளவு தூரம் தெரியாவிட்டால் நுழைவதில் ஆபத்து இருக்கிறது. இடப்பக்கம் மட்டும் மறைந்திருந்தால், முதலில் இடப்பக்கம் திரும்பிப் போய் அகலமான இடத்தில் வண்டியைத் திருப்பிக்கொள்ளலாம். இரண்டு நிமிடம்தான் கூடப் போகும். பிரதான வீதியில் வருபவருக்கும் கணக்கு இருக்கிறது. ஈரமான இறக்கத்தில் 40 இல் வரும் வண்டி, சாரதி ஆபத்தைக் கண்டதிலிருந்து நிற்பதற்குள் சுமார் 35 மீற்றர் ஓடிவிடும். நானுஓயாவில் 30 மீற்றர்கூடத் தெரியாத பனியில் 40 என்பது அதிக வேகம்.

சந்திகளில் வைத்திருக்கும் குவிந்த கண்ணாடியை மட்டும் நம்பக் கூடாது. அதில் வண்டி இருப்பதைவிடத் தூரத்தில் தெரியும், விடியற்காலையில் நீர் பூத்து எதுவும் தெரியாது. லைட் அடிப்பதையும் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நம் வீதிகளில் பெரும்பாலும் அது "நான் வருகிறேன்" என்று பொருள்படும், சிலர் "நீ வா" என்றும் அடிப்பார்கள். எதிர் வண்டியின் சில்லு நின்றதைக் கண்ட பிறகுதான் நகர வேண்டும். சுற்றுவட்டத்தில் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட்டால் போதும், அங்கே குழப்பம் குறைவு.

வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் பிரதேச சபைகளிடமும் நாங்கள் கேட்பது பெரிய செலவல்ல. தோட்டப் பாதைகள் பிரதான வீதியில் சேரும் இடங்களில் முக்கோணப் பலகை வேண்டும். இருக்கிற பலகைகளை மூடிய மானாப்புல்லை வெட்டி, அவற்றின் மேல் ஒட்டிய சுவரொட்டிகளைக் கழற்ற வேண்டும். புதுப் பலகை நடும்போது லொறிச் சாரதி இருக்கும் உயரத்திலிருந்தும் ஓட்டோச் சாரதி இருக்கும் உயரத்திலிருந்தும் பார்த்து, இருவருக்கும் தெரிகிற இடத்தைக் குறித்த பிறகே குழி தோண்ட வேண்டும்.

சாரதிப் பயிற்றுநர்கள்,
ஹட்டன்.