ஞாயிற்றுக்கிழமை அவசரம்

ட்ராய், மிச்சிகன்
26 மார்ச் 2023

அன்புள்ள செல்வம்,

"என்னடா, அங்க பேங்கு முழுகிப்போச்சாமா, உன்ர காசு பத்திரமா?" என்று நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இரண்டு தடவை போட்டுக் கேட்டேன். பின்னால் லேத் ஓடும் சத்தம் கேட்டதே, அதற்காகத்தான் இரண்டாவது தடவை. பட்டறையில் ஆர்டர் இருக்கிறது என்று தெரிந்து நிம்மதி. தங்கச்சிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

என் காசுக்கு ஒன்றும் இல்லை. முழுகியது கலிபோர்னியாவில் ஸ்டார்ட்அப் கம்பெனிகள் பணம் போட்டு வைக்கும் சிலிக்கான் வேலி பேங்க். 9ஆம் தேதி ஒரே நாளில் 4,200 கோடி டாலரை உருவி எடுத்துவிட்டார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை பூட்டு. இங்கே ஒரு ஆளுக்கு ஒரு பேங்கில் இரண்டரை லட்சம் டாலர் வரைதான் காப்பீடு. எனக்கு அதுவே தாராளம். ஆனால் அந்த பேங்கில் கிடந்த பணத்தில் பெரும்பகுதி அந்த வரம்புக்கு மேலே. சட்டப்படி அந்தப் பணத்தைப் போட்டவர்கள் காத்திருக்க வேண்டியவர்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே அரசு அறிக்கை வந்துவிட்டது: திங்கட்கிழமை எல்லோருக்கும் முழுப் பணம். மக்கள் வரிப்பணத்தில் கை வைக்க மாட்டோம், மற்ற பேங்குகளிடம் வசூலிப்போம் என்றார் அதிபர் பைடன். பேங்குகள் அதை யாரிடம் வசூலிக்கும் என்று வியாபாரியான உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு வயிற்றெரிச்சல். 2009இல் எனக்கு வேலை போனது நினைவிருக்கிறதா? வீட்டு விலை, வாங்கின கடனுக்கும் கீழே இறங்கிக் கிடந்தது. தவணையைக் குறைத்துத் தருகிறோம் என்று ஒபாமா ஒரு திட்டம் அறிவித்தார். நானும் விண்ணப்பித்தேன். 43 பக்கம். ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்று, பக்கத்துக்கு ஒரு டாலர் கொடுத்து ஃபேக்ஸ் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து, ஃபேக்ஸ் வரவில்லை என்றார்கள். மறுபடி அனுப்பினேன். இந்தத் தடவை வந்தது, ஆனால் என் மனைவியின் சம்பளச் சீட்டு முப்பது நாளைத் தாண்டிவிட்டதாம், புதிது வேண்டுமாம். இப்படியே பதினான்கு மாதம். கடைசியில் வீட்டை நட்டத்துக்குத் தள்ளிவிட்டு வாடகைக்குப் போனோம். அந்த ஃபேக்ஸ் ரசீதுகள் இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கின்றன. ஏன் வைத்திருக்கிறேன் என்று கேட்காதே.

அதே பேங்குகளுக்கு அதற்கு முந்தின அக்டோபரில் என்ன நடந்தது? 70,000 கோடி டாலர் மீட்புச் சட்டம். முதல் தடவை பிரதிநிதிகள் சபை நிராகரித்தது, பங்குச் சந்தை அன்றைக்கே 777 புள்ளி விழுந்தது, அந்த வாரம் முடிவதற்குள் சட்டம் நிறைவேறிவிட்டது. அப்போதைய அதிபர் புஷ் கையெழுத்துப் போட்டார். தேர்தலில் மோதிக்கொண்டிருந்த ஒபாமாவும் மெக்கெய்னும் செனட்டில் அதற்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள். உறுப்பினர்களை வளைக்க என்னென்னவோ சலுகை சேர்த்தார்கள். அதில் சிறுவர்களுக்கான மர அம்புக்கு வரிவிலக்கு என்றுகூட ஒன்று! எனக்கு அப்போது கிரீன் கார்டுதான். வரி உண்டு, ஓட்டு இல்லை. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தார்கள் என்று உனக்கு அப்போதே எழுதினேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பேங்குகள் வாங்கின பணத்தை வட்டியோடு திருப்பிக் கட்டின. ஜி.எம். (ஜெனரல் மோட்டார்ஸ்) கார் கம்பெனியைக் காப்பாற்றியதில்தான் அரசுக்கு ஆயிரம் கோடி டாலருக்கு மேல் நட்டம். 2010இல் எனக்கு மறுபடி வேலை கிடைத்தது ஜி.எம்.முக்குப் பாகம் செய்து கொடுக்கும் கம்பெனியில். ஆக என் சோற்றிலும் அந்த மீட்புப் பணம் கலந்திருக்கிறது. அதனால் கூடாது என்று கத்த எனக்கு வாய் வருவதில்லை. அந்த வேகத்தில் கால்வாசி எங்களுக்கும் இருந்திருக்கக் கூடாதா என்றுதான் கேட்கிறேன்.

இப்போது குடியுரிமை வாங்கி ஓட்டும் போடுகிறேன். இரண்டு கட்சிக்கும் போட்டுப் பார்த்தாயிற்று. 2008க்குப் பிறகு பேங்குகளுக்குப் போட்ட கடிவாளத்தை 2018இல் ட்ரம்ப் தளர்த்தினார். அதற்கு எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சி செனட்டர்கள் பலரும் கை தூக்கினார்கள். இன்னொரு கூத்து: அந்தக் கடிவாளச் சட்டத்துக்குப் பெயர் கொடுத்த இருவரில் ஒருவர் பார்னி ஃபிராங்க், ஜனநாயகக் கட்சிக்காரர். அந்த அறிக்கை வந்த ஞாயிற்றுக்கிழமையே மூடப்பட்ட இன்னொரு பேங்கான சிக்னேச்சரில் அவர் ஓர் இயக்குநராக இருந்தார்!

வரிக் கதையும் அதுதான். முதலீட்டு நிதி நடத்தும் பெரிய மனிதர்கள் தங்கள் கூலியை லாபம் என்று கணக்குக் காட்டிக் குறைந்த வரி கட்டுகிறார்கள். அந்த ஓட்டையை அடைப்பேன் என்று ஒபாமா சொன்னார், ட்ரம்ப் சொன்னார், பைடனும் சொன்னார். போன ஆகஸ்டில் ஒரு புதுச் சட்டத்தில் அது கிட்டத்தட்ட கை கூடியது. பைடன் கட்சியின் செனட்டராகவே அப்போது இருந்த கிர்ஸ்டன் சினெமா முரண்டு பிடித்தார், அந்தப் பகுதியைக் கழற்றிவிட்டார்கள். சட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? பணவீக்கக் குறைப்புச் சட்டம்.

பணவீக்கம் என்றதும் முட்டைதான் ஞாபகம் வருகிறது. போன வருஷம் தொடக்கத்தில் டஜன் இரண்டு டாலருக்கும் கீழே. இந்த ஜனவரியில் நாலே முக்காலைத் தாண்டியது. பறவைக் காய்ச்சல் என்கிறார்கள், சரி, அது நிஜம்தான். பெட்ரோலுக்கும் அரிசிக்கும் என்ன காய்ச்சல்? கொரோனா சமயத்தில் ட்ரம்ப் தன் பெயரை அச்சடித்த காசோலை அனுப்பினார். பைடன் தலைக்கு 1,400 டாலர் அனுப்பினார். வாங்கிக்கொண்டேன், மறுக்கவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நேற்று வருமான வரிக் கணக்குப் போட்டோம். மகளுக்காக 2021க்கு 3,000 டாலர் வரிச்சலுகை கிடைத்தது. இந்தத் தடவை பழையபடி 2,000. கூட்டின சலுகையை நீட்டிப்பதை ஒரு கட்சி மொத்தமாக எதிர்த்தது, மற்றக் கட்சியில் ஒருவர் முறுக்கிக்கொண்டார், காலாவதியாகிவிட்டது. அதற்காக எந்த ஞாயிற்றுக்கிழமையும் யாரும் கூடவில்லை. "அப்பா, என் மதிப்பு ஆயிரம் டாலர் குறைஞ்சுடுச்சா?" என்கிறாள்.

ஜூலையில் வரலாம் என்று டிக்கெட் பார்த்தேன். மூன்று பேருக்கும் சேர்த்து விலையைப் பார்த்துவிட்டு கம்ப்யூட்டரை மூடிவிட்டேன். நாளைக்கு மறுபடி திறப்பேன். நம்ம செட்டில் யார் யார் அப்போது ஊரில் இருப்பார்கள் என்று மட்டும் கேட்டுச் சொல்.

அன்புடன்,
முத்து