டீசல் ஆற்றைத் தொடுமுன்: கோலசிலாங்கூர் நகராண்மைக் கழகத்திற்கு ஒரு திறந்த மடல்

நகராண்மைக் கழகத் தலைவர் அவர்களுக்கும், மாநிலச் சுற்றுச்சூழல் துறையினருக்கும், சிலாங்கூர் நீர் நிர்வாக வாரியமான லுவாஸ் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் டீசல் தொட்டியோடும் பட்டறையோடும் புழங்குகிறவர்கள் எழுதுகிறோம். எண்ணெய்க் கசிவு என்றால் கடலும் கப்பலும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். இங்கே அது டீசல் கொட்டகையில் தொடங்கி, லோங்காங் எனும் வடிகாலில் இறங்கி, சிலாங்கூர் ஆற்றில் முடியும். குடிநீருக்கு நீர் எடுப்பதும் அதே ஆற்றிலிருந்துதான். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங்கில் கலந்த மாசு நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்தியதும், ஏறத்தாழ 12 லட்சம் கணக்குகளுக்குக் குழாய் வறண்டதும் உங்களுக்கே தெரியும்.

முதலில், கசியும் எண்ணெயைப் பிடித்துவைக்கத் தொட்டியைச் சுற்றிக் கட்டும் தடுப்புச் சுவர். 10,000 லிட்டர் தொட்டிக்கு 110 விழுக்காடு என்று கணக்கிட்டு 11,000 லிட்டர் கொள்ளும்படி கட்டுகிறார்கள். தளம் 5 மீட்டருக்கு 4 மீட்டர், கூரை கிடையாது என்று வையுங்கள். 100 மில்லிமீட்டர் மழை அடித்தால் 2,000 லிட்டர் நீர் உள்ளே நிற்கும். மிஞ்சுவது 9,000 லிட்டருக்கு இடம். தொட்டி உடைந்தால் சுவர் வழியும். இதற்குப் பயந்து, மழைநீர் தானாக ஓடட்டும் என்று அடி வால்வைத் திறந்தே விட்டுவிடுவார்கள். அதன்பின் அது சுவர் அல்ல, புனல். ஆய்வுக்கு வருபவர்கள் சுவரின் உயரத்தை அளப்பதோடு நில்லாமல் வால்வைத் தொட்டுப் பாருங்கள். கூரை போடச் சொல்லுங்கள். வால்வுக்குப் பூட்டு வேண்டும், சாவி ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். நீர்மேல் எண்ணெய்ப் படலம் மினுங்கினால் உறிஞ்சு விரிப்பால் ஒற்றியெடுத்த பிறகே திறக்க வேண்டும்.

சுவரைத் தாண்டினால் என்னவாகும் என்பதற்கு 1988 ஜனவரி 2 சாட்சி. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் புளோரெஃப் என்ற ஊரில் ஒரு பெரிய டீசல் தொட்டி பிளந்தது. அலையாக எழும்பிய எண்ணெய் சுவரைத் தாண்டி, பக்கத்து நிலத்திலிருந்த மழைநீர் வடிகால் வழியாக ஆற்றில் விழுந்தது. ஏறத்தாழ 28 லட்சம் லிட்டர். ஆற்றுக்கு வழிகாட்டியது அந்த ஒரு வடிகால்தான். நம் தோட்டங்களில் எந்த லோங்காங் எந்தக் கால்வாயில் சேர்கிறது என்று காட்டும் வரைபடம் டீசல் கொட்டகைச் சுவரில் தொங்க வேண்டும்.

வெளியூர்க் குழு வந்து சேருமுன் எண்ணெய் வெகுதூரம் போய்விடும். ஆகவே முதல் ஒரு மணி நேரம் உள்ளூர் ஆட்களுடையது. 10 மீட்டரை அளந்து, காய்ந்த தேங்காய் மட்டையை நீரில் விடுங்கள். 30 விநாடிக்குள் கடந்தால், எண்ணெயை மறிக்க நீர்மேல் குறுக்கே நேராகக் கட்டிய மிதவைத் தடுப்பின் அடியில் எண்ணெய் நழுவிவிடும். 14 விநாடியென்றால் கரையோடு 30 பாகை சாய்த்துக் கட்ட வேண்டும்.

சிறிய லோங்காங்கில் மிதவையைவிட மணல் மூட்டை அணை நல்லது. ஒன்றரை மீட்டர் அகலத்துக்கும் 60 சென்டிமீட்டர் உயரத்துக்கும் சுமார் 40 மூட்டை போதும். அடியில் 6 அங்குல பிவிசி குழாய்களைப் பதியுங்கள்: மேற்பக்க வாய் நீருக்கடியில் தாழ்ந்தும், கீழ்ப்பக்க வாய் உயர்ந்தும் இருக்க வேண்டும். நீர் அடியால் போகும், எண்ணெய் மேலே தேங்கும். குழாய் குறைந்தால் மழைநீர் மூட்டைக்கு மேலால் வழிந்து எண்ணெயையும் இழுத்துப் போகும். கூடினால் மட்டம் இறங்கிக் குழாய் எண்ணெயையே குடிக்கும். கீழ்ப்பக்க வாயில் ஒரு எல்போ (வளைந்த இணைப்பு) மாட்டினால் திருப்பித் திருப்பி மட்டத்தைச் சரிசெய்யலாம். பெட்ரோல் என்றால் இந்த வேலையே வேண்டாம். ஆட்களை விலக்கிவிட்டு போம்பாவை (தீயணைப்புத் துறையை) அழையுங்கள்.

யாரும் சோப்பு நீர் ஊற்றக்கூடாது. கண்ணுக்கு எண்ணெய் மறையும், ஆனால் துளித்துளியாய் நீரில் கலந்து எல்லாத் தடுப்புக்கும் அடியால் போய்விடும். சாலையில் கொட்டியதை நீரடித்துக் கழுவுவதும் அதே தவறுதான். மணலைப் போட்டு வாருங்கள்.

செம்பனை எண்ணெய் லோரி கவிழ்ந்தால் கதை வேறு. ஆற்று நீரில் அது கட்டிதட்டும், பம்பு அடைக்கும். வலையாலும் வாளியாலும்தான் அள்ள வேண்டும். சமையல் எண்ணெய்தானே என்று விட்டால், அழுகும்போது நீரின் ஆக்சிஜனைத் தின்று மீனைக் கொல்லும்.

அள்ளிய மண்ணும் துணியும் 2005 சுற்றுச்சூழல் விதிமுறைப்படி அட்டவணைக் கழிவு, அதாவது பட்டியலிட்ட அபாயக் கழிவு; அதன் குறியீடு எஸ்டபிள்யூ 408. பட்டறையின் பழைய இன்ஜின் எண்ணெய் எஸ்டபிள்யூ 305. சேமிக்க 180 நாள் அல்லது 20 டன் என்பது வரம்பு. ஆனால் மாதம் ஒரு டிரம் சேரும் சிறு பட்டறைக்கு எந்த உரிமம் பெற்ற லோரி வரும்? வராது. அந்த டிரம் எங்கே போகிறது என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை பட்டணத்தில் ஒரு சேகரிப்பு நாள் வையுங்கள்.

டீசல் கொட்டகை உள்ள ஒவ்வொரு தோட்டத்திலும் 40 மூட்டை, 6 குழாய், எல்போக்கள், உறிஞ்சு விரிப்பு கொண்ட பெட்டி வேண்டும். நவம்பர் மழைக்கு முன், நீர் ஓடும் லோங்காங்கில் ஒரு ஒத்திகை நடத்துங்கள். ஆட்களை நாங்கள் திரட்டுகிறோம், மணலுக்கு நீங்கள் ஏற்பாடு செய்யுங்கள்.