வல்வெட்டித்துறை ஓடாவிகளின் (மரக்கலம் கட்டும் தச்சர்களின்) கைவேலை நம் காலத்தோடு அழிந்துவிடாமல் இருக்க: நிதி வேண்டுகோள்

அன்புடைய ஊர் உறவுகளுக்கும் கடலோடி மரபை மதிக்கும் அனைவருக்கும் வணக்கம்.

1938 ஆகஸ்ட் 1ஆம் திகதி, அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள குளொஸ்டர் துறைமுகத்துக்குள் ஒரு பாய்க்கப்பல் நுழைந்தது. 89 அடி நீளம், 19 அடி அகலம். அப்போது அதன் பெயர் 'புளோரன்ஸ் சி. ராபின்சன்'. நமக்கு அது அன்னபூரணி. 1930இல் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறைக் கரையில் சுந்தரம் மேத்திரியார் கட்டி இறக்கிய கப்பல். சுயெஸ், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், பெர்முடா என்று கடந்து, அத்திலாந்திக்கின் மறுகரையில் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் கப்டன் டொனால்ட் மக்குவிஷும் நம்மூரவர் ஐவரும்: தண்டயல் (கப்பல் தலைவர்) கனகரத்தினம் தம்பிப்பிள்ளை, தாமோதரம்பிள்ளை சின்னத்துரை, சிதம்பரப்பிள்ளை நடராசா, பூரணவேலுப்பிள்ளை சுப்பிரமணியம், ஐயாத்துரை இரத்தினசாமி.

இவ்வளவும் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கப்பலை வாங்கிய மனிதரைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் 32 அடி நீளமே உள்ள 'ஸ்வாப்' என்ற படகில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றி வந்தவர். பாய்க்கலங்கள் மீது தீராத பிரியம். குளொஸ்டருக்குப் பக்கத்தில் இப்ஸ்விச் என்ற ஊரில் சிறியதொரு படகு கட்டும் பட்டறை நடத்தினார். அன்னபூரணி போய்ச் சேர்ந்த அதே 1938இல் அங்கிருந்து 'ஸ்விப்ட் ஒப் இப்ஸ்விச்' என்ற 70 அடிப் பாய்க்கலம் கடலில் இறங்கியது. 1942இல், ஸ்டார்லிங் பெர்ஜஸ் என்ற புகழ்பெற்ற வடிவமைப்பாளரோடு சேர்ந்து திட்டமிட்ட 'வருவா' என்ற பாய்க்கலம் இறங்கியது. அப்போது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பட்டறை கடற்படைக்கான கலங்களைக் கட்டித் தள்ளியது. 1945இல் ராபின்சன் வருவாவில் ஏறிப் பசிபிக் தீவான தாகிட்டிக்குப் போய்விட்டார்.

பட்டறையின் ஆயுள் குறைவுதான். ஆனாலும் அங்கே கட்டிய ஸ்விப்ட் ஒரு காலத்தில் நடிகர் ஜேம்ஸ் கக்னியிடம் இருந்து, பின்னர் லொஸ் ஏஞ்சல்ஸில் உள்ள ஒரு கடல்சார் நிறுவனத்தின் கைக்கு வந்து, பிள்ளைகளுக்குப் பாயோட்டம் பழக்கியது. யார் கட்டினார், எப்போது கட்டினார், எந்த வடிவத்தைப் பின்பற்றினார் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறது.

நம் பக்கம் என்ன இருக்கிறது? ரங்கூனுக்கும் நாகபட்டினத்துக்கும் கப்பல் விட்ட ஊர் இது. கப்பற்காரர் திருமேனி வெங்கடாசலம்பிள்ளை கட்டிய சிவன் கோயில் இன்றும் ஊர் நடுவே நிற்கிறது. அந்தக் கப்பல்களைக் கட்டியவர்களின் கணக்கு ஏட்டில் ஏறவில்லை. நீராவிக் கப்பல் வந்து பாதி வேலையைப் பறித்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் மீதியைக் குறைத்தன. 1964 புயலும், 1980களில் வந்த கடல் தடையும், போரும் மிச்சத்தையும் கொண்டுபோயின.

எஞ்சியிருப்பது வயதான சில ஓடாவிமாரின் கையிலும் கண்ணிலும் இருக்கிறது. வங்குக்கு (கலத்தின் விலா மரத்துக்கு) மரம் தேடும்போது அவர்கள் நேரான மரத்தைத் திரும்பியும் பார்ப்பதில்லை. பூவரசின் அடியில் நின்று கொப்புகளை அண்ணாந்து பார்ப்பார்கள். கலத்தின் வயிற்றுக்கு வேண்டிய வளைவு மரத்திலேயே இயற்கையாக இருக்க வேண்டும். வெட்டி வளைத்த மரம் அலை அடிக்கும்போது நார் பிரிந்துவிடும். பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்துக் கலப்பத்துப் பார்க்கும்போது, உளியில் விழும் அடியின் சத்தம் மாறுவதைக் கேட்டே இடுக்கு நிறைந்துவிட்டது என்று சொல்வார்கள். பிறகுதான் குங்கிலியம் காய்ச்சிய எண்ணெய். இதையெல்லாம் வரைபடம் வைத்துச் சொல்லித்தர முடியாது. பக்கத்தில் நின்று பார்த்துத்தான் பழக வேண்டும்.

அதனால்தான் மண்டபமோ சிலையோ வேண்டாம், ஒரு கலம் கட்டுவோம் என்று எங்கள் குழு முடிவு செய்திருக்கிறது. 20 அடி நீளமான பாய் வத்தை (பாய்ப்படகு) ஒன்றை, மூத்த ஓடாவிமார் முன்னின்று நடத்த, ஊர் இளைஞர்கள் கூட நின்று கட்டுவார்கள். ஏரா (கலத்தின் அடிமரம்) வைக்கும் நாள் முதல் பாய் ஏற்றும் நாள் வரை ஒவ்வொரு வேலையும் ஒளிப்பதிவாகும். ஒவ்வொரு வங்கும் பொருத்தப்படும் முன் அளந்து வரையப்படும். அந்த அளவுகளும் படங்களும் யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிடப்படும்.

பணம் மூன்று வழியில் செலவாகும். மரமும் ஆணியும் பாய்த்துணியும் ஒன்று. ஒளிப்பதிவும் அளவை வேலையும் இன்னொன்று. ஓடாவிமாரின் கூலிதான் பெரிய செலவு. அதில் பேரம் பேசுவதில்லை என்று கூட்டத்தில் ஒருமனதாகத் தீர்மானித்தோம். பழகவரும் இளைஞர்களுக்கும் நாட்கூலி உண்டு. வேலைக்குப் போக வேண்டிய பிள்ளையை வெறுங்கையோடு கரையில் நிறுத்திவைக்க முடியாது.

ஆயிரம் ரூபாய் தந்தாலும் இலட்சம் தந்தாலும் பற்றுச்சீட்டு உண்டு. மாதந்தோறும் வரவு செலவைக் கோயில் வீதி அறிவித்தல் பலகையில் ஒட்டுவோம். நன்கொடை தந்தவர்களுக்கு அதன் பிரதி அனுப்புவோம். மழைக்கு முன் மரம் வெட்டி நிழலில் உலர்த்த வேண்டியிருப்பதால் முதற்கட்டப் பணம் ஆவணிக்குள் சேர்ந்தாக வேண்டும். உள்ளூரில் உள்ளவர்கள் பொருளாளரிடம் நேரில் கொடுக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் செயலாளரிடம் வங்கி விபரத்தைக் கேட்டுப் பெற்று, குழுவின் பெயரிலுள்ள கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். தனியாள் எவரின் கணக்குக்கும் அனுப்ப வேண்டாம்.

வீட்டுப் பரணில் பழைய கப்பல் கணக்குக் கொப்பி, தண்டயல் பத்திரம், கரையில் கலம் நிற்கும் படம் ஏதும் இருந்தால் அதையும் தாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தந்துவிடுவோம்.

இவ்வண்ணம்,
குழுவின் சார்பில் தலைவர், செயலாளர், பொருளாளர்