மலையூர்களுக்கே கிராம சபை செல்லட்டும்

ஆசிரியருக்கு,

ஈரோடு மாவட்டம் பர்கூர் மலை மக்கள் காட்டில் மாடு மேய்க்கும் உரிமை கேட்டு மனு அளித்த செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். 2024 ஜனவரியில் அந்த மலைப்பகுதியில் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டதிலிருந்தே, காட்டில் பட்டி போட்டு மாடு வளர்ப்போரிடம் மேய்ச்சல் தடைபடுமோ என்ற கவலை இருக்கிறது. காடு காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் உரிமையாக ஏற்கிறது. அதை முடிவு செய்யும் பணியைக் கிராம சபையிலிருந்தே தொடங்கச் சொல்கிறது.

வீரப்பன் தேடுதல் நடந்த ஆண்டுகளில் அந்தியூரில் மளிகைக் கடை வைத்திருந்தேன். மலையிலிருந்து வருபவர்கள் ஐந்து கிலோ அரிசி வாங்கவே தயங்குவார்கள். "இவ்வளவு யாருக்கு?" என்று வீரப்பனைத் தேடிய அதிரடிப்படையினர் வழியில் மடக்கிக் கேட்பார்களே என்ற பயம். இரண்டு கிலோவை மஞ்சள் பையில் வாங்கி, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டு போன பெரியவர் இன்னும் என் கண்ணில் நிற்கிறார். அதிரடிப்படையின் தேடுதலில் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் வழங்கும்படி தேசிய மனித உரிமை ஆணையம் 2007-இல் கூறியது. பணம் ஒரு பக்கம். அந்த மக்களிடம் யாரும் உட்கார்ந்து கேட்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். மாவட்ட நிர்வாகம் ஒவ்வொரு மலையூரிலும் தனிக் கிராம சபை கூட்டி, சரணாலய எல்லையைத் தமிழில் வாசித்துக் காட்டி, மேய்ச்சல் உரிமையைப் பதிவு செய்ய வேண்டும். அதே கூட்டத்தில் அக்காலத்து அனுபவங்களையும் அவர்கள் வாய்மொழியாகவே எழுதி, ஊராட்சி அலுவலகத்தில் வைக்கலாம்.

- ஓய்வுபெற்ற மளிகை வணிகர், அந்தியூர்